பதினாறு கம்பிகளும் ஒரு மெயிலும்

வியாழக்கிழமை காலை சின்னவள் அனுப்பிய மெயிலில் ஒரே வரிதான். "கர்னலில் தப்பில்லை, போர்டில்தான் தப்பு." கர்னல் என்கிற அடிப்படை மென்பொருளை எழுதியவள் சின்னவள். அது ஓடுகிற சர்க்யூட் போர்டைச் செய்தவள் அவளுடைய சொந்த அக்கா. ஒரே கம்பெனி, ஒரே மாடி, போக வர ஒரே ஸ்கூட்டர். திங்கட்கிழமை அக்கா, "உன் பக்கமும் ஒருதரம் பாரேன்" என்று சொன்னதற்குச் சின்னவள் குதித்த குதியில், அன்றிலிருந்து ஸ்கூட்டரில் பேச்சு வார்த்தை கிடையாது.

மெயிலைப் படித்த மேனேஜர் மூன்று மணிக்கு மீட்டிங் வைத்துவிட்டார். பெரியவளிடமிருந்து போர்டு வேலையைப் பிடுங்கி வேறு டீமிடம் கொடுப்பதாகப் பேச்சு. ஒன்றரை வருஷ உழைப்பு! காரியம் அவ்வளவு தூரம் போகும் என்று சின்னவள் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். அது லிப்டை ஓட்டுகிற போர்டு. கதவு சென்சார், பட்டன், மோட்டார் எல்லாம் கர்னலைக் கூப்பிடுவதற்குப் பதினாறு கம்பிகள். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். யார் எந்தக் கம்பியில் கூப்பிடுவார் என்பதைக் கர்னலே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் லேசாகச் சீண்டும், கொஞ்சம் காத்திருக்கும், குரல் எங்கிருந்து வருகிறதென்று பார்க்கும். பழைய போர்டில் எல்லாம் வாயைத் திறந்தன. புதுப் போர்டில் கதவு சென்சார் மட்டும் ஊமைச்சாமியாக உட்கார்ந்திருந்தது. கதவில் ஆள் நிற்பதே தெரியாத லிப்டை யார் வாங்குவார்கள்?

மெயில் போன பிறகும் சின்னவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கர்னலில் சீண்டும் இடத்தில் 'சீண்டியாச்சு' என்று திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தாள். ஓட்டினாள். சென்சார் ஒன்பதாம் கம்பியில் கணீரென்று கூப்பிட்டது. வரியை எடுத்தாள். ஊமை. மறுபடி சேர்த்தாள். கூப்பிட்டது.

"என்ன கூத்து இது" என்றாள்.

பக்கத்து மேஜை டெஸ்டர் எட்டிப் பார்த்தார். "அந்த வரியை அப்படியே விட்டுருங்க மேடம். வேலை செய்யுதுல்ல?"

"விட்டா, ஏன் வேலை செய்யுதுன்னே தெரியாம போயிடும்ணா."

அந்த வரி செய்தது ஒன்றே ஒன்று. திரையில் எழுதுகிற சாக்கில் கொஞ்சம் நேரத்தைத் தின்றது. காத்திருக்கும் பகுதியைத் திறந்து பார்த்தாள். அவள் கையால் எழுதியது. கர்னல் சும்மா பத்தாயிரம் வரை எண்ணும், அதுதான் காத்திருப்பு. பழைய போர்டு ஆற அமர எண்ணியது, அதற்குள் சென்சார் கூப்பிட்டுவிட்டது. அக்காவின் போர்டு படுவேகம். கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்தாயிரத்தையும் எண்ணிவிட்டு, யாரும் கூப்பிடவில்லை என்று கையை விரித்திருக்கிறது. சின்னவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

மூச்சு வாங்க மீட்டிங் அறைக்குள் நுழைந்தாள். பதினோரு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"போர்டுல ஒண்ணும் இல்ல சார். தப்பு என்னோடது. எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு சரியா எழுதல. காலையில அனுப்பின மெயிலும் தப்பு."

"போன மாசமும் இப்படித்தானேம்மா?" என்று மேனேஜர் முகத்தைச் சுளித்தார். போர்டு பெரியவளிடமே இருக்கட்டும் என்று சொல்லி எல்லாரையும் அனுப்பினார்.

அக்காவும் தங்கையும் மிஞ்சினார்கள். பெரியவள் அடுக்கிய காகிதங்களிலிருந்து ஒன்று நழுவியது. சின்னவள் எடுத்துப் பார்த்தாள். கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் எடுத்த படம். சென்சார் கூப்பிட்டது ஒன்பதாம் கம்பியில் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. மூலையில் திங்கட்கிழமை தேதி.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும். சொல்லத்தான் வந்தேன். நீ எங்க கேட்ட?"

"மேனேஜர்கிட்டயாவது காட்டியிருக்கலாம்ல?"

"போன மாசத் தப்புக்கே உன்னை வேலையை விட்டு அனுப்பிடலாமான்னு பேசினாங்க. நீயா ஒத்துக்கிட்டா திட்டோட போகும். நான் காட்டிக் குடுத்தா அவ்வளவுதான்."

"நான் கண்டுபிடிக்காம போயிருந்தா?"

பெரியவள் காகிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தாள். "போர்டு போயிருக்கும், நானும் வேற டீமுக்குப் போயிருப்பேன். அங்க இருந்து கான்டீனாவது கிட்டக்க."

சின்னவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆட்கள் போவதையும் வருவதையும் சட்டை பண்ணாமல் அழுதாள்.