வலிக்கவில்லை என்றார்

என் வீட்டுக்காரர் ரத்தினசாமிக்குக் குஷ்டம் என்று வேலூர் பட்டாள ஆபீசில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் அரை நிமிஷத்தில் எழுதிவிட்டார். அதை அழிக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அந்த டாக்டரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தினம் ஒரு தரம் சொல்லித் திட்டியிருப்பேன்.

ஜெர்மன் சண்டையின் மூன்றாம் வருஷம் அது. கடல் தாண்டிப் பஸ்ராவுக்கு அனுப்பக் கூலிப் பட்டாளம் சேர்த்தார்கள். ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து மேஸ்திரி ஆதிகேசவன் இருபது பேரை வேலூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஆளைக் கொண்டுவந்து விட்டால் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். என் வீட்டுக்காரருக்குப் போக ஆசையும் இல்லை, மாட்டேன் என்று சொல்ல வாயும் இல்லை. மாட்டேன் என்றால் பயந்தாங்கொள்ளி என்பார்களாம். போனார்.

மறுநாள் அவர் திரும்பி வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. நல்ல சேதி நடந்து வரும், கெட்ட சேதி பறந்து வரும் என்பது சும்மாவா? முன்கையில் ஒரு வெளுத்த திட்டு இருந்ததாம். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்தினாராம். உணர்ச்சி இல்லையாம். "குஷ்டம், லாயக்கில்லை" என்று எழுதிக் கையில் கொடுத்து வெளியே தள்ளிவிட்டார்களாம்.

அந்தத் திட்டு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்புத் தொட்டியில் தோல் இழுக்கும்போது இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுண்ணாம்பு தெறித்து வெந்த இடம். நான்தான் தேங்காய் எண்ணெய் போட்டேன். எங்கள் தெருவில் கை வெளுக்காத ஆம்பளையைக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். அந்த டாக்டர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "இது எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கூலிக்காரனிடம் என்ன கேள்வி!

மேஸ்திரி அவரைத் தொட்டிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எங்களைச் சுற்றிப் பத்துப் பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. ஜோலார்பேட்டையில் ரயில்வே கேங்கில் வேலை செய்த என் அப்பா துரைசாமி, என்னையும் குழந்தையையும் கூட்டிப்போக வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"கெளம்பு மேரி. புள்ளையத் தூக்கிக்கோ. அந்த ஆள் தொட்ட துணி ஒண்ணும் வேணாம்."

"அந்த ஆள் தொட்டவதான் நானும். என்னையும் வுட்டுட்டுப் போப்பா" என்றேன். போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சொன்னால் ஒருத்தருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. கிழிந்த பாவாடையைத் தைத்துக்கொண்டிருந்த ஊசியை அப்படியே அவர் முன்கையில் ஒரு குத்து குத்தினேன்.

"அய்யோ! இன்னாடி பண்ற?" என்று துள்ளி எழுந்தார்.

"வலிக்குதா?"

"குத்துனா வலிக்காம?"

"அப்போ டாக்டரு குத்துனப்போ?"

"அப்பவும்தான் வலிச்சுது."

"வலிக்கலன்னு ஏன்யா சொன்ன?"

தலையைக் குனிந்துகொண்டார். "பட்டாளத்துக்கு ஆள் எடுக்கற எடம். தைரியம் இருக்குதான்னு பாக்கத்தான் குத்தறாங்கன்னு நெனச்சேன். ஊசிக்கு அழறவன் பீரங்கிக்கு நிப்பானான்னு சிரிக்க மாட்டாங்களா? பின்னாடி நம்ம ஷாப்பு ஆளுங்க எல்லாம் நின்னாங்க."

வெளியில் இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுக்கு அப்படித் தெரியாது. தோல் ஷாப்பில் புதிதாகச் சேர்கிறவன் முதல் நாள் முழங்கை வரை சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட வேண்டும். சுற்றி நின்று எல்லோரும் அவன் வாயைப் பார்ப்பார்கள். "எரியுது" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சாகிற வரைக்கும் அவனுக்கு "எரியுது" என்றே பெயர். பன்னிரண்டு வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லாமல் கையை வேகவைத்தவர் என் வீட்டுக்காரர். அவரை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தேன்.

ஆம்பூர் டாக்டரிடம் போனோம். பட்டாள டாக்டர் எழுதியதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்று கையைக்கூடப் பார்க்காமல் சொன்னார். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் நாலாவது வரைக்கும் படித்தவள். நானே மனு எழுதி எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன். "பட்டாளம் போட்டிருக்கும் பூட்ஸ் தோல் இந்தக் கை பதனிட்டது. குஷ்டக்காரன் தொட்ட தோல் என்றால் அத்தனை பூட்ஸையும் கழற்றி எறியுங்கள். இல்லையென்றால் கையை மறுபடி பாருங்கள்" என்று எழுதியிருந்தேன்.

பட்டாள ஆபீஸ் குமாஸ்தா படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு டாக்டர் உக்காந்து மறுபடி பாப்பாங்க. ஆனா பட்டாளத்துல சேர விருப்பம் இருக்கறவனுக்குத்தான் அப்பீல். லாயக்குன்னு வந்தா சேர்ந்தாகணும். அதுக்குச் சம்மதம்னு முன்னாடியே கைநாட்டு வைக்கணும்."

"எங்களுக்குப் பட்டாளம் வேணாங்க. வியாதி இல்லன்னு எழுதிக் குடுத்தாப் போதும்."

"அதுக்கு இங்க ஃபாரம் இல்லம்மா."

எழுதத் தெரிந்த கைக்கு அழிக்கத் தெரியாதாம்! கேட்டபோது என் உடம்பெல்லாம் எரிந்தது.

ஆம்பூர் வந்து வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், எங்காவது ஊர் தெரியாத இடத்துக்குப் போய்விடலாம் என்றும் சொன்னேன். அவர் குழந்தையைப் பார்த்தார். பத்து நாளாக அதைத் தூக்கவில்லை.

"எங்க போனாலும் அந்தக் காயிதம் பின்னாடியே வரும். நாளைக்கு இதுக்கு ஒரு கல்யாணம்னா, குஷ்டக்காரன் பொண்ணும்பாங்க. நான் கைநாட்டு வைக்கறேன் மேரி."

வைத்தார்.

சில வாரம் கழித்து வேலூருக்குக் கூப்பிட்டார்கள். மூன்று டாக்டர்களில் இரண்டு பேர் வெள்ளைக்காரர்கள், ஒருவர் நம் பக்கத்து மனிதர். என் கெட்ட காலம், அன்றைக்கென்று மேஸ்திரியும் புதிதாக ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் ஷாப்பு ஆட்கள். வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

அவர் கண்ணைத் துணியால் கட்டினார்கள். ஊசி இறங்கியது. வாய் திறக்கவில்லை. வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்! மறுபடி குத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக நிற்கிறார். வெள்ளைக்கார டாக்டர்களில் ஒருவர் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தேன். பத்து விரலும் தரையைப் பிறாண்டுகிற மாதிரி மடங்கியிருந்தன.

"காலைப் பாருங்க! கால் வெரலைப் பாருங்க சாமி!" என்று கத்தினேன். சேவகன் என் தோளைப் பிடித்து இழுத்தான். நான் கதவை விடவில்லை.

நம் டாக்டர் குனிந்து பார்த்தார். ஊசியை எடுத்து மெதுவாக இன்னொரு தரம் வைத்தார். விரல்கள் மடங்கின. நிமிர்ந்து, "ஏம்ப்பா, இங்க வீரம் காட்ட வேணாம். வலிக்குதா, இல்லையா?" என்றார்.

வராந்தாவில் எவனோ களுக்கென்று சிரித்தான். என் வீட்டுக்காரர் சிரிப்பு வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வலிக்குதுங்க" என்றார். பிறகு இன்னும் சத்தமாக, "ரொம்ப வலிக்குதுங்க" என்றார். கண்கட்டு நனைந்துவிட்டது.

வெள்ளைக்கார டாக்டர் பழைய காகிதத்தில் ஒரு கோடு கிழித்து, "லாயக்கு" என்று எழுதினார். தப்பாக எழுதிவிட்டோம் என்று ஒரு சொல் இல்லை. ஒரு தலையசைப்பு இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

எட்டாம் நாள் ஆம்பூர் ஸ்டேஷனில் அவரை வண்டி ஏற்றினோம். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிய பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் அப்பா மைசூர்பாகு வாங்கி வந்து, மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுகை நிஜம்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். என் வீட்டுக்காரர் குழந்தையைக் கடைசி வரை இறக்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகுதான் ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார்.

மேஸ்திரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"இன்னா மேரி, சர்க்கார்கிட்டயே மோதி ஜெயிச்சிட்டியே!"

"நான் எங்க மேஸ்திரி ஜெயிச்சேன்? குஷ்டம்னாங்க, எங்கிட்ட வுட்டுவெச்சாங்க. நல்ல கைன்னாங்க, புடுங்கிக்கினு போய்ட்டாங்க. நீங்க கூட்டினு போன இருவதுல ஒண்ணு கொறைஞ்சிது, நானே கொண்டாந்து குடுத்துட்டேன். போய் உங்க கமிஷனை வாங்கிக்கங்க."

குழந்தை வண்டி போன பக்கம் கையை நீட்டி அழ ஆரம்பித்தது. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.