உள்ளே ஆள் இருக்கு

எங்கள் சலவைக்கூடத்தின் பெரிய இயந்திரத்துக்கு யானை என்று பெயர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக விழுங்கும். கதவு திறந்திருந்தால் எந்த இயந்திரமும் ஓடக்கூடாது. யானை ஓடும். சரிசெய்யச் சொல்லி நாங்கள் கத்தாத நாளில்லை, நிர்வாகத்தின் காதில் ஏறினால்தானே! அதனால் உருளைக்குள் சிக்கிய துணியை எடுக்க யார் இறங்கினாலும், சுவிட்சை அணைத்து, அதன் பெட்டியில் தன் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதை வேறு யாரும் தொடக்கூடாது.

அங்கே வேலை பார்த்த என் வீட்டுக்காரர் ஒருநாள் பூட்டு மாட்டாமல் இறங்கினார் என்று சொன்னார்கள். யானை சுற்றிவிட்டது. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட என்னை விடவில்லை.

மனுஷன் மறதிக்காரர்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவார். அதனால் நானும் நம்பினேன். ஆத்திரத்தில் அவர் துணிமணிகளையெல்லாம் தூக்கி யாருக்கோ கொடுத்தேன். பிறகு மனம் திரும்பி, ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன் எழுந்து நின்று, "என்னையும் என் மகளையும் நட்டாத்துல விட்டுட்டுப் போனவரை மன்னிச்சிட்டேன்" என்று சாட்சி சொன்னேன். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மன்னிப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே கொஞ்சம் தலைக்கனம்.

அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஃபோர்மேன் எனக்கு எல்லா வகையிலும் ஒத்தாசையாக இருந்தார். கனமான மூட்டை எதையும் தூக்க விடமாட்டார். மகளுக்குக் காய்ச்சல் என்றால் மருந்தோடு வந்து வாசலில் நிற்பார், கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். எங்கள் சபைக்கு வந்து ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டார். ஆனால் திருவிருந்தில் அப்பம் கொடுக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். "என்ன அண்ணே, அப்பம் கசக்குதா?" என்று ஒருமுறை கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் காலையிலிருந்தே அவர் முகம் சரியில்லை. உருளையின் உள்விளிம்பில் ஒரு விரிப்பு சிக்கிக்கொண்டது. மற்றவர்கள் எல்லோரும் உலர்த்தும் அறையில் இருந்தார்கள். ஃபோர்மேன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"பூட்டு எங்க அண்ணே?"

"நீதான் நிக்கறியே. போதும்."

"விளையாடாதீங்க."

உள்ளே தவழ்ந்து போய்விட்டார். என் தோளுக்குப் பக்கத்தில், யானையை ஓடவிடும் பச்சைப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. துணியை இழுக்கும் சத்தம் வரவே இல்லை.

"என்ன அண்ணே பண்றீங்க?"

அவர் குரல் தகரத்தில் மோதி மோதி வந்தது.

"அன்னைக்கு அவன் பூட்டு மாட்டியிருந்தான்மா."

எனக்குப் புரியவில்லை.

"மாட்டியிருந்தான். துணி சீக்கிரம் வேணும்னு மேல இருந்து நெருக்கினாங்க. எவனோ பூட்டை எடுக்க மறந்துட்டுச் சாப்பிடப் போயிட்டான்னு நெனச்சு வெட்டி எறிஞ்சேன். உள்ள எட்டிக்கூடப் பார்க்கல. பழி அவன் மேல விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டேன். நான் வெளிய வரமாட்டேன். நீ என்ன செஞ்சாலும் சரி. நான் பூட்ட மறந்துட்டேன்னுதான் எல்லாரும் சொல்வாங்க."

இத்தனை காலமும் நான் மன்னித்தது ஒரு தப்பும் செய்யாத மனிதரை. முறைப்படி பூட்டிவிட்டு இறங்கியவரை ஊரறியக் கேவலப்படுத்தியிருக்கிறேன். கர்த்தாவே என்று கூப்பிடப் பார்த்தேன், வாய் எழவில்லை. கைதான் எழுந்தது. தானாகப் போய்ப் பொத்தான்மேல் உட்கார்ந்தது. விரல் நுனியில் அதன் சூடு தெரிந்தது. ஒரே ஒரு அழுத்து, யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. பொய் சொல்லமாட்டேன், தாகத்துக்குத் தண்ணீர் மாதிரி வேண்டியிருந்தது.

உள்ளே அவருக்கு மூச்சு இரைத்தது. சாகத் துணிந்து போனவர் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் இதே இருட்டில் இப்படித்தான் இரைத்திருப்பார். அன்று இந்த இடத்தில் நின்றவர் அதைக் காதில் வாங்கவில்லை. இன்று நான் நிற்கிறேன்.

"நல்லா இருக்கு உங்க நியாயம்!" என்று கத்தினேன். "என்னைக் கொலைகாரி ஆக்கிட்டு நீங்க மட்டும் மோட்சத்துக்குப் போகப் பாக்கறீங்களா?"

சுவிட்சைக் கீழே தள்ளினேன், பச்சை வெளிச்சம் அணைந்தது. இடுப்பிலிருந்து என் பூட்டை உருவி மாட்டினேன். வளையம் முதலில் பூட்டில் விழவில்லை. மறுபடி அழுத்தியதும் விழுந்தது. பச்சை வெளிச்சம் அணைந்தது.

உருளைக்குள் பாதி உடம்பை நுழைத்தேன். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வெளிய. அவர் பூட்டியிருந்தார்னு மேல ஆபீஸ்ல உங்க வாயால சொல்லணும். அப்புறம் சபையிலயும்."

"போலீஸ் புடிச்சு உள்ள போட்டுடுவாங்கம்மா."

"போடட்டும். நான் வந்து பாக்கறேன்."

அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டேன், இனி செய்துதான் ஆக வேண்டும். அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. குழந்தை மாதிரி விசும்பத் தொடங்கினார். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மாடிப்படி ஏறும்போதும் விடவில்லை. பார்த்தவர்கள் அண்ணன் தங்கச்சி பாசம் என்று நினைத்திருப்பார்கள். விட்டால் அந்தப் படியிலிருந்தே தள்ளிவிடுவேனோ என்று பயந்துதான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன்.