பதினேழாம் நம்பர் சோளம்

காய்ச்சலில் படுத்தது என் தப்பா? நான் எழுந்து வருவதற்குள் என் ஆராய்ச்சியை முடித்தே வைத்துவிட்டார் வைத்தீஸ்வரன் மாமா.

மல்லேஸ்வரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அரசாங்கக் கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். தொண்ணூற்றாறில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். என் சோளச் செடிகளின் உயரம், இலை, கதிர் எடை, மணி எடை எல்லாவற்றையும் அவர் தட்டிக் கொடுத்தால், எந்த ரகம் தேறும் என்று புரோகிராம் வரிசைப்படுத்தித் தரும். என் நம்பிக்கை முழுக்கப் பதினேழாம் நம்பர் மேல்தான். குட்டைச் செடி, ஆனால் கதிரைப் பார்த்தால் கண் பட்டுவிடும். அது தேறினால்தான் எனக்கு பிஎச்.டி.

மாமா நீட்டிய பிரிண்ட் அவுட்டில் பதினேழு கடைசியில் இருந்தது. நெட்டைச் செடிகளெல்லாம் மேலே. கதிரைப் பற்றி ஒரு எண்கூட இல்லை.

"மாமா, கதிர் ஷீட்டெல்லாம் எங்கே?"

"கதிரா? அப்படி ஒண்ணும் இல்லையே ஸ்வர்ணா. தினைன்னு தலைப்புப் போட்டுக் கொஞ்சம் ஷீட் இருந்தது. சோளத்துல தினைக்கு என்ன வேலை? எவனோ வேற பயிரைக் கலந்துட்டான்னு தள்ளி வெச்சுட்டேன்."

ஆராய்ச்சித் தோட்டத்தில் அளவெடுக்கும் கோவிந்தப்பா கன்னடத்தில் 'தெனெ' என்று எழுதியிருந்தார். தெனெ என்றால் கதிர்.

"அது தெனெ மாமா! தினைக்குக் கன்னடத்துல நவணெ! இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவர்தானே நீங்க?"

"ஆத்துல தமிழ்தானேம்மா பேசறோம்," என்றார், கொஞ்சமும் அசராமல். "நீ படுத்துண்டிருந்தியேன்னு உங்க பத்ரிநாத் சார்கிட்ட நானே ஒரு காப்பி கொண்டுபோய்க் குடுத்துட்டேன். ரொம்ப நன்னா இருக்குன்னார்."

நன்னா இருக்காம்! என் ஆராய்ச்சியை மேற்பார்க்கிறவர், சோளத்தில் பெரிய பேர் எடுத்தவர். கதிரே இல்லாத சோளப் பட்டியல் மாட்டுத் தீவனத்துக்கு வேண்டுமானால் உதவும். மேலே இருந்த நம்பர்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மகானுபாவர். ஒருவராவது, ஒரே ஒருவராவது, முழுசாகப் படிக்கக் கூடாதா?

பதினேழின் விதையாவது பத்திரமா என்று பார்க்க ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்கு ஓடினேன். விதை அறையில் பதினேழின் பையைக் காணோம். வெளியே மரத்தடியில் கோவிந்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஜாகா இல்லே, தேறாததை எல்லாம் காலி பண்ணுன்னு சார் சொல்லிட்டாரு மேடம். வீசறதுக்கு மனசு வரலே. வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்." டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார். "ரொட்டி சாப்பிட்டுப் பாருங்க. நம்ம பதினேழு! சூப்பர் ஜோளா மேடம், ஓரம்கூட வெடிக்கலே."

ரொட்டியைத் தொடாமல் கேட்டேன். "மீதி இருக்கா கோவிந்தப்பா? ஒரு பிடி இருந்தாக்கூடப் போதும்."

"ஐயோ, நிறைய இருக்கு மேடம்! மொத்தத்தையும் மில்லுல குடுத்து அரைச்சு வெச்சிருக்கேன்."