மெட்டி விரல்

சிவரஞ்சனியின் இரண்டாவது கால்விரல் ஷூவுக்குள் போகவில்லை. கையுறை போல ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உறை வைத்த ஷூ அது. அடியில் அட்டை கனத்துக்குத்தான் ரப்பர். வெறுங்காலில் ஏறுவது போலப் பாறையின் சொரசொரப்பு தெரியும் என்று மலையேற்றக் குழுவில் சொன்னதால் வரவழைத்திருந்தாள். மெட்டியைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

ஆறு மணிக்குக் குழுவின் வேன் திருக்கோகர்ணத்தில் அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இன்று கயிற்றைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறப்போவது அவள்தான். இரண்டு வருடமாகக் காத்திருந்த முறை.

மெட்டியைத் திருகினாள். மாமியார் பரிமளா பார்த்துவிட்டார்.

"குத்துக்கல்லாட்டம் புருசன் ஒக்காந்திருக்கையில மெட்டியக் கழட்டுறியாக்கும்?"

"பாறை ஏறத்தான் அத்தை. வந்ததும் போட்டுக்குறேன்."

"அதுவரைக்கும் அவன் உசுர எங்க வைக்கிறதாம்?"

சிவரஞ்சனி கணவனைப் பார்த்தாள். ரகுநாத் செய்தித்தாளை இறக்கவில்லை.

"ஒரு வாரம் போகலைன்னா மலை எங்கிட்டும் ஓடிராது ரஞ்சனி."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவள் கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு ஷூவிலும் அந்த விரலின் உறையை வெட்டி எறிந்தாள். மெட்டியோடு விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அப்படியே போனாள்.

பாறையில் மூன்றாவது அடி வைத்தபோது வெள்ளி கருங்கல்லில் கிறீச்சிட்டது. கால் வழுக்கியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் வழுக்கியது.

"எறங்கிருங்க அக்கா," என்றான் குழுவை நடத்தும் அருள்மணி. "இன்னைக்கு சூர்யா முன்னால ஏறட்டும்."

இறங்கினாள். இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.