மரத்தைத் தூக்கும் முன்

விடியற்காலையில், புயலின் கடைசி வீச்சில், சீமைப்பலா மரம் வேரோடு சாய்ந்து மோசேசேயின் இரண்டு தொடைகளையும் அமுக்கிவிட்டது. பன்றிகளைத் திறந்துவிடப் போனவன் அவன். பசிபிக் கடலின் தொங்கா நாட்டில் அந்தச் சிறு தீவுக்கு ஒரே நர்ஸ் அவன் மனைவி லுசேயனே. ராத்திரி முழுக்க மறுகோடியில் மருந்தகத்தில் இருந்தவள், சேதி கேட்டு, விழுந்த தென்னைகளைத் தாண்டி வந்து சேர்ந்தபோது உச்சி வெயில்.

மோசேசே அவளைப் பார்த்துச் சிரித்தான். "நம்ம போதகர்கூட என்னை இவ்வளவு நேரம் அசையாம வெச்சதில்ல."

"வலிக்குதா?"

"முதல்ல உயிர் போச்சு. இப்ப காலே இல்லாத மாதிரி இருக்கு."

பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

அதுவரை நெம்ப வழியில்லாமல் தவித்த அவன் தம்பி பௌலா, அப்போதுதான் எட்டு ஆட்களோடு சர்ச் உத்தரங்களைச் சுமந்து வந்து சேர்ந்தான். "நகருங்க அண்ணி, தூக்கிடறோம்."

"தூக்காதே."

அவனைத் தனியே இழுத்துப்போனாள். "ரத்தம் போகாத சதை உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கு, பௌலா. மூச்சு முட்டி ஒவ்வொரு செல்லா உடைஞ்சு, உள்ள இருந்த உப்பெல்லாம் வெளிய கசிஞ்சு கிடக்கு. மரம்தான் அதைத் தடுத்து வெச்சிருக்கு. எடுத்ததும் நேரா நெஞ்சுக்கு ஓடி அதை நிறுத்திடும்."

"அப்ப இப்படியே விட்டுடறதா?"

"விட்டாலும் போயிடுவார்."

அந்த நஞ்சை நீர்க்கச் செய்ய மருந்தகத்தில் மிச்சமிருந்த சலைன் மூன்றே பாட்டில். கடல் அடங்காமல் படகு வராது, மூன்றையும் ஏற்றிவிட்டுத் தூக்குங்கள் என்று அவள் கிளம்பும் முன்பே வயர்லெஸ்ஸில் பெரிய தீவு டாக்டர் சொல்லியிருந்தார். ஊசியைக் குத்தினாள்.

"ஒரு இளநீ வெட்டச் சொல்லேன்," என்றான் மோசேசே.

செத்த சதையிலிருந்து கசிகிற அதே பொட்டாசிய உப்பு இளநீரிலும் உண்டு. அவள் தண்ணீரைத்தான் புகட்டினாள்.

"தீவு பூரா தேங்கா உருண்டு கிடக்கு. பொண்டாட்டி பச்சத்தண்ணி ஊத்தறா பாருங்கடா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மூன்றாவது பாட்டிலும் தீர்ந்தது. தூக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மோசேசே அவள் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினான். "உன் மூஞ்சியிலயே எல்லாம் தெரியுது. நீ சொன்னா பழி உன் தலையில விழும். நான் சொல்றேன்." பிறகு உரக்க, "பௌலா, தூக்குங்கடா."

மரம் எழுந்தது. அவனை வெளியே இழுத்தார்கள். வெளுத்திருந்த பாதங்களில் சிவப்பு ஏறியது. யாரோ துதிப்பாட்டைத் தொடங்கினார்கள்.

"சூடா வருது, லுசேயனே. கால் வந்துடுச்சு," என்றான். அவன் முகம் மலர்ந்திருந்தது.

அவள் விரல்களுக்கடியில் நாடி ஒரு துடிப்பைத் தவறவிட்டது. பிறகு இரண்டை. பிறகு நின்றுபோனது. அவன் நெஞ்சை அழுத்தினாள். கை ஓய்ந்ததும் பௌலா அழுத்தினான். அவன் ஓய்ந்ததும் மறுபடி அவள். பாட்டு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் படகில் வந்த டாக்டர், செய்ய வேண்டியதையெல்லாம் அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து, அவர்கள் வழக்கப்படி இடுப்பில் துக்கப் பாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் பௌலா வந்து அமர்ந்தான்.

"தூக்கினது என் கை, அண்ணி."

"அவர் சொன்னார், நீ தூக்கின."

"நீங்க வேணாம்னு சொன்னீங்க."

"முதல்ல சொன்னேன்," என்றாள் லுசேயனே. "அப்புறம் பேசாம இருந்துட்டேன்."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பௌலா தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவள் அழுது தீரும்வரை அங்கேயே இருந்தான்.