மூன்று மணிக்குள் ஒரு சைபர்

மார்ச் பதினொன்று, செவ்வாய், காலை ஆறு நாற்பதுக்கு இயற்பியல் பேராசிரியர் தன் வீட்டு முன்னறையில் இறந்தார். பிற்பகல் இரண்டே காலுக்கு அவருடைய ஆய்வுக் கூட்டாளி சமையலறை மேசையில் உட்கார்ந்து, இறந்தவர் விட்டுப்போன கணக்கில் தப்பு தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, ரெண்டே முக்காலுக்கு வண்டி கிளம்பிடும்" என்றாள் இறந்தவரின் மகள். மருந்துக்கடை வைத்திருப்பவள். காலையிலிருந்து சான்றிதழ், பெட்டி, வண்டி என்று ஒற்றையாளாக அலைந்து கால் கடுத்துப்போயிருந்தது. "பெட்டியைத் தூக்க நாலு பேர் வேணும். என் வீட்டுக்காரர், தம்பி, டிரைவர். நாலாவது நீங்க."

"ஜர்னல்காரங்க கேள்வி கேட்டிருக்காங்க, மூணு மணிதான் கெடு. பதில் போகலேன்னா கட்டுரையைத் தள்ளிடுவாங்க."

வெற்றிடம் சும்மா கிடப்பதில்லை, அதற்கும் ஆற்றல் உண்டு. அதில் ஓர் உருளையை வைத்தால் அந்த ஆற்றல் எவ்வளவு மாறும்? பேராசிரியரும் அவரும் பத்தொன்பது வருடமாக இதைத்தான் கணக்கிட்டார்கள். தனித்தனியாகப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, ஒன்றாக உட்கார்ந்து பிரிப்பார்கள். விடை ஒன்றானால்தான் அனுப்புவார்கள். இன்று இரண்டு உறைகளையும் கூட்டாளி ஒருவரே பிரித்தார். பேராசிரியருடையதில் சைபர். தன்னுடையதில் சின்னதாக ஒரு மைனஸ்.

"உருண்டைக்கு மிஞ்சுது. உருளைக்கு மட்டும் எப்படி எல்லாம் கழிஞ்சுபோகும்?"

"அப்பா சொன்ன சைபரையே போட்டு அனுப்பித் தொலைங்களேன்!"

"செத்துட்டாங்கறதுக்காக அவன் விடையை ஒத்துக்க முடியுமா? உயிரோட இருந்தப்பவே ஒத்துக்கிட்டதில்ல."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "என் கல்யாணத்தன்னைக்கும் ரெண்டு பேரும் மாடியில இதைத்தானே போட்டுக்கிட்டிருந்தீங்க! ஒண்ணுமில்லாத இடத்தைப் பத்தொன்பது வருஷம் கணக்குப் போட்டு, கடைசியில ஒண்ணுமில்லைன்னு கண்டுபிடிச்சிருக்காரு. நேத்து ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழட்டிட்டு பென்சிலைக் கேக்குறாரு. போடுங்கப்பா, மூச்சு வாங்குதுன்னு கெஞ்சறேன். இன்னும் ரெண்டு வரிங்கறாரு..."

நிறுத்தினாள். கூட்டாளி அடுத்த தாளைப் புரட்டினார்.

"பென்சிலைக் கொடுத்தேன்" என்றாள்.

இரண்டு நாற்பதுக்கு அவர் பேனா நின்றது. "மடையன்!"

"யாரு?"

"நான்தான். அலை உருளைக்கு உள்ளேயும் இருக்கு, வெளியேயும் இருக்கு. வெளியே ஒரு வகையை விட்டுட்டேன்." தாளில் அதைச் சேர்த்தார். மைனஸ் காணாமல் போயிற்று. "அவன் சொன்னதுதாம்மா."

டிரைவர் கதவைத் தட்டினார். "இதுக்கப்புறம் இன்னொரு இடம் போகணும்மா."

கூட்டாளி எழுந்து, மடிக்கணினியையும் முன்னறையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை அடிச்சு அனுப்பக் கால்மணி ஆகும். தூக்கிட்டு வந்து..."

"வந்து அனுப்பினா எடுத்துப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப உட்காருங்க. எழுந்து உயிரை வாங்காதீங்க."

முன்னறையில் பெட்டியின் நாலாவது கைப்பிடியை மகள் பிடித்தாள். வண்டி இரண்டு ஐம்பதுக்குக் கிளம்பியது. கட்டுரை இரண்டு ஐம்பத்தேழுக்குப் போய்ச் சேர்ந்தது, இரண்டு பெயர்களோடு.