ஆறும் ஒன்பதும்

வரவேற்புக் கூடத்தின் சுவர் முழுக்க நிறுவனத்தின் வரலாற்றை எழுதி வைத்திருந்தார்கள். ஐம்பதாம் ஆண்டு விழா தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கம்பிக்காரி இடுப்பில் கைவைத்தபடி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். தன் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

‘ஒரு மனிதர், ஒரு சமையலறை மேசை, ஒரு கனவு’ என்று ஆரம்பித்தது அது. மனிதர் அப்பா. கனவும் அவருடையது, போகட்டும். சமையலறை இருந்தது, மேசை இருந்தது, அந்தச் சமையலறையில் வெந்த அம்மாவை மட்டும் காணோம். கயிற்று ஆலையில் வேலை பார்த்த அப்பா கழிவு நாரைக் கொண்டுவந்தது இருந்தது. கத்தாழை நாரைக் கத்தை கத்தையாக வெட்டி, இரும்புப் பட்டைக்குள் நெருக்கி, உலகத் தரத்தில் டார்ட் போர்டு, கூரான குட்டி அம்பை எறிந்து எண்களைக் குறிபார்த்து ஆடுகிற பலகை, செய்தது இருந்தது. பிறகு மகன், இப்போது முதலாளியாக இருக்கிற அவள் அண்ணன், வந்து தோள் கொடுத்தாராம். சுவரில் தோள்களுக்குப் பஞ்சமில்லை.

கம்பிக்காரி என்பது தொழிற்சாலையில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். போர்டின் முகத்தில் எண்களைப் பிரிக்கிற கம்பி வலையும், சுற்றிலும் எண்களைத் தாங்குகிற கம்பி வளையமும் அவள் பிரிவில்தான் வளைகின்றன. குணமும் அப்படித்தான், வளைக்கப் போனால் குத்தும் என்று சாயப் பிரிவில் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. அவள் மறுத்ததில்லை.

சுவரோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஆனால் சுவருக்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் போர்டு இருந்தது. அப்பா வீட்டில் செய்த முதல் போர்டு. அதைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. போர்டு பளபளவென்று இருந்தது. வளையத்தில் ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. ஒன்பது இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தது.

வேறு எந்த போர்டாக இருந்தாலும் அது சரி. இந்த போர்டில் அது அநியாயம்.

முதல் போர்டில் ஆறும் ஒன்பதும் இடம் மாறித்தான் இருக்கும். அந்த இரண்டு எண்களையும் வளையத்தில் கட்டியவள் அம்மா. கடைத்தெரு மதுக்கடையில் மரப் போர்டு வெடித்துப்போக, புதுசாக ஒன்று செய்து தருகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டுபோய்க் கடையில் மாட்டியதும், ஆறு எது ஒன்பது எது என்று ஆட வந்தவர்களுக்குள் கைகலப்பு. கடைக்காரர் போர்டை அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்குப் பட்ட அவமானத்தை அப்பா வீட்டுக்கு வரும் வழியிலேயே வேடிக்கையாக மாற்றிக்கொண்டார். “என் பொண்டாட்டிக்கு ஆறும் ஒண்ணுதான், ஒம்பதும் ஒண்ணுதான்” என்று அவர் சொல்லாத விருந்தாளி கிடையாது. முன்கூடத்தில் அந்த போர்டை மாட்டிவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிச் சிரித்தார். வங்கி அதிகாரி சிரித்தார், நார் கொண்டுவருகிற லாரிக்காரர் சிரித்தார், சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா காப்பித் தட்டோடு நின்று கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்பா சாகும்வரை சொன்னார்.

அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் சின்ன வயதில் கம்பிக்காரிக்குத் தட்டைப் பிடுங்கி அப்பாவின் தலையில் கவிழ்க்கத் தோன்றும். ஆனாலும் அந்த வேடிக்கையில் அம்மா இருந்தாள். தப்பு செய்தவளாகவாவது இருந்தாள். இப்போது அதையும் துடைத்துவிட்டார்கள்.

சாயப் பிரிவின் மூத்த ஆள், எல்லோரும் சாயக்காரர் என்று கூப்பிடுகிறவர், மேசைகளை நகர்த்திக்கொண்டிருந்தார்.

“இந்த போர்டுல யார் கை வெச்சது?”

“முதலாளி சொன்னாரும்மா. வளையம் துருப்பிடிச்சு அசிங்கமா இருக்கு, நம்பரும் தப்பு, புதுசு மாட்டுங்கன்னார்.”

“வளையம் என் பிரிவுல செய்யறது. எனக்குத் தெரியாம எப்படி வந்துச்சு?”

“அவரே எடுத்துக் குடுத்தார்.” சாயக்காரர் கையிலிருந்த நாற்காலியைத் தேவையில்லாமல் ஒருமுறை துடைத்தார். “உங்ககிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னார்.”

“பழசு எங்க?”

“கழிவுத் தொட்டியில போட்டேன். இன்னும் லாரி வரல.”

அவள் ஓடவில்லை. ஓடியிருந்தால் சாயக்காரருக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

கழிவுத் தொட்டியில் வெட்டுக் கம்பிகள் இடுப்பளவு கிடந்தன. அவள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள். அண்ணன் முதலில் வாசல் பெயர்ப்பலகையை மாற்றினான். பிறகு அட்டைப்பெட்டியின் நிறத்தை மாற்றினான். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் பெற்றவளையே கடித்துவிட்டான். நம் போர்டில் அம்பைப் பிடுங்கியதும் நார் தானாக மூடிக்கொள்ளும், ஓட்டை தெரியாது, அதைச் சொல்லித்தான் விற்கிறோம். இந்த வீட்டு ஆண்களுக்குப் பெண்களும் அந்த நாரால் செய்தவர்கள் என்று நினைப்பு. குத்திக்கொண்டே இருக்கலாம், மூடிக்கொள்வார்கள்.

வளையம் அடியில் கிடந்தது. கொஞ்சம் நெளிந்திருந்தது, உடையவில்லை. விரலைக் கம்பி கிழித்ததைக் கூடத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தாள்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, புது வளையத்தின் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். புதுச் சட்டை, கையில் உரைத்தாள். அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவன். தலை நரைத்த பிறகும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

“பாப்பா, என்ன பண்ற? கையெல்லாம் ரத்தம்.”

“நீ தூக்கிப் போட்டத எடுத்து மாட்டறேன்.”

“புரியாமப் பேசாத. பெரிய வியாபாரி வந்துட்டே இருக்கார். நம்ம போர்டு எத்தனை கடைக்குப் போகணும்னு அவர்தான் முடிவு பண்றவர். டார்ட் போர்டு கம்பெனில தப்பு நம்பர் போட்ட போர்ட கண்ணாடிக்குள்ள வெச்சு அவருக்குக் காட்டச் சொல்றியா?”

“அப்பா ஊருக்கே காட்டினாரே.”

“அதனாலதான் மாத்தினேன்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அம்மாவப் பாத்து இன்னொருத்தன் சிரிக்க வேணாம்னுதான். நல்லதுக்குப் பண்ணினா அதுக்கும் சண்டையா?”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டி முடித்திருக்கலாம்.

“சிரிக்க வேணாம்னா சுவத்துல அம்மா பேர எழுதியிருக்கலாம். நீ ஆளையே அழிச்சிட்ட.”

“என்னன்னு எழுதறது? ரெண்டு நம்பர தப்பா கட்டினாங்கன்னா?”

கம்பிக்காரி கொக்கியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“அம்மாவுக்கு நம்பர் தெரியாதுன்னு நெனைக்கிறியா?”

“அப்பா சொன்னாரே.”

“அப்பா சொன்னார். அப்பா எங்க இருந்தார்? மத்த நம்பரெல்லாம் கட்டிட்டு, இந்த ரெண்ட மட்டும் நீ கட்டு, இடத்துல கோடு போட்டிருக்கேன்னு சொல்லிட்டு ஆலைக்குப் போயிட்டார். அவர் நாற்காலி மேசைக்கு இந்தப் பக்கம். அம்மா உக்காந்திருந்தது எதிர்ப்பக்கம், அடுப்புப் பக்கம். அங்கேருந்து ஆற ஆறாத்தான் கட்டினா. இந்தப் பக்கம் வந்து பாத்தா அது ஒம்பது. திரும்பி வந்தவராவது பாத்தாரா? பாக்காம சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனது யாரு?”

“எழுந்து இந்தப் பக்கம் வந்து கட்டியிருக்கலாம்ல?”

இந்தக் கேள்விக்காக அவள் எத்தனையோ வருடம் காத்திருந்த மாதிரி இருந்தது. பதில், அம்மா உயிரோடு இருந்தபோது, கம்பி மேசையில் அவளோடு எண்களை வளைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், பேச்சோடு பேச்சாகச் சொன்னது. சொல்லிவிட்டு, அண்ணன்கிட்ட சொல்லிடாத என்றும் சொன்னாள். இன்று வரை அவள் சொல்லவில்லை.

“எழ முடியல. மடியில ஒரு புள்ள காய்ச்சல்ல கொதிச்சிட்டிருந்தது. ராத்திரியெல்லாம் அழுதுட்டு அப்பத்தான் கண்ணசந்தது. அசைஞ்சா முழிச்சுக்கும்னு அம்மா எழல. உக்காந்த எடத்துலேருந்தே கைய நீட்டிக் கட்டினா. பக்கத்துல இருந்த நம்பரெல்லாம் தலைகீழா நின்னத அவ பாக்கல. புள்ள நெத்தியத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருந்தா.”

“நீயா?” என்றான் அண்ணன்.

“நான் அப்ப பொறக்கவே இல்லண்ணா.”

அவன் உரைத்தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். “எனக்கு ஏன் யாரும் சொல்லல?”

“அம்மா சொல்ல விடல. தன்னாலதானேன்னு உன் மனசு கஷ்டப்படுமாம். அப்பா சிரிக்கிறப்பல்லாம் நீயும்தான் கூடச் சிரிச்ச. பாத்துட்டுச் சும்மா இருந்தா. நானும் இவ்வளவு நாள் சும்மா இருந்தேன். எனக்கு ஒண்ணும் அவ மாதிரி நல்ல மனசு இல்ல, போதும்.”

அவள் திரும்பிப் பழைய வளையத்தை போர்டில் வைத்தாள். நெளிவு காரணமாகக் கடைசிக் கொக்கி பிடிக்க மறுத்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். வெள்ளைப் பகுதியில் ஒரு சொட்டு ரத்தம் பட்டது. அதை அவள் துடைக்கவில்லை. தடுக்க வருவான் என்று காத்திருந்தாள், வந்தால் இருக்கிற கோபம் முழுவதையும் கொட்டிவிடலாம் என்றும் இருந்தது. அவன் வரவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. பெரிய வியாபாரி தொப்பையும் சிரிப்புமாக உள்ளே வந்தார். பணியாளர்களும் பின்னாலேயே வந்து கூடத்தை நிரப்பினார்கள். அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார், தலையை ஆட்டினார், குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். வியாபாரம் தெரிந்த கண். உடனே கண்டுபிடித்துவிட்டது.

“என்ன முதலாளி, ஆறு இருக்கிற எடத்துல ஒம்பது நிக்குது? எந்த மகராசன் கட்டினது இது?”

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணனும் பழக்கதோஷத்தில் சிரிக்கத் தயாரானான். அப்பாவின் முகம் அப்படியே அவன் முகத்தில் வந்து உட்கார்வதைக் கம்பிக்காரி பார்த்தாள். உதடு விரிந்தது, புருவம் மேலே போனது.

“எங்கம்மாவுக்கு...” என்று ஆரம்பித்தான்.

அதோடு நின்றுவிட்டான். சிரிக்கக் காத்திருந்தவர்கள் வாயைத் திறந்தபடியே இருந்தார்கள். அவன் போர்டைப் பார்த்தான், ரத்தச் சொட்டைப் பார்த்தான், பிறகு ஒரு தடவை தன் நெற்றியைத் தானே தொட்டுக்கொண்டான்.

“எங்கம்மா கட்டினது. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்” என்றான். முன்வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது.

வியாபாரி புரியாமல் காதைக் கொஞ்சம் சாய்த்தார்.

கம்பிக்காரிக்குக் கோபம் துளியும் குறையவில்லை. கிழிந்த விரலை மற்றொரு கையால் பொத்திக்கொண்டு அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சத்தமா சொல்லுண்ணா” என்றாள்.